கற்பித்தல் வெளியே, சோதித்தல் உள்ளே: சேலம் – நாமக்கல் சமவெளியில் அரசுப் பணியாளர் பயிற்சியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பணியாளருக்கான பயிற்சியை வெளிமுகமைகளிடம் ஒப்படைப்பது அண்மைக்கால நிருவாகச் சீர்திருத்தமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் 1792 முதல் சேலம் – நாமக்கல் சமவெளியின் வருவாய் நிருவாக வரலாற்றை நோக்கினால், பணியாளருக்குத் தேவையான அறிவு பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்தே வந்திருப்பது புலனாகும். படைத்துறை, முன்ஷிகள், திண்ணைப் பள்ளிகள், கணக்குப்பிள்ளைக் குடும்பங்கள் ஆகியன அவ்வறிவின் ஊற்றுகளாக இருந்தன. கற்பித்தல் வெளியே நடந்ததனால் மட்டும் நிருவாகம் கெட்டதில்லை. கற்றதைச் சோதிக்கும் அறிவு அலுவலகத்தின் உள்ளே இல்லாதபோதே கெட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: பாரமகால், ரயத்துவாரி, நில அளவை, கர்ணம், கணக்குப்பிள்ளை, ஜமாபந்தி, பணியாளர் பயிற்சி, வெளிமுகமை

முன்னுரை

2012இல் வெளியான இந்திய அரசின் தேசியப் பயிற்சிக் கொள்கை, ஒவ்வொரு துறையும் தன் ஊதியச் செலவில் குறைந்தது 2.5 விழுக்காட்டைப் பயிற்சிக்கென ஒதுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ‘கர்மயோகி’ இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தபின், பயிற்சிப் பாடங்கள் இணையவழியில் பல்வகை நிறுவனங்களிடமிருந்து பெறப்படுகின்றன. இவற்றை ஒட்டி எழும் விவாதத்தில் இரண்டு தரப்புகள் உண்டு. அரசின் சொந்தப் பயிற்சி நிலையங்கள் தேங்கிவிட்டன, வெளியார் வந்தால்தான் புதுமை வரும் என்பது ஒன்று. பயிற்சியை வெளியே கொடுப்பது அரசு தன் மூளையை வாடகைக்கு விடுவதாகும் என்பது மற்றொன்று. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நினைப்பு இருக்கிறது: முன்பு எல்லாப் பயிற்சியும் அரசின் உள்ளேயே நடந்தது என்பது. வரலாறு இந்நினைப்புக்கு இடந்தரவில்லை.

இக்கட்டுரையின் களம் இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியாகும். 1997 சனவரி முதல் நாளிலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கும்வரை இரண்டும் பெரும்பாலான காலம் ஒரே மாவட்டமாக இருந்தமையால் ஒரே களமாகவே கொள்ளப்படுகின்றன. பாரமகால் ஆவணத் தொகுதிகள், தாமஸ் மன்றோவின் அறிக்கைகளும் குறிப்புகளும், லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் சேலம் விவரச்சுவடி (1918), கிராம அலுவலர் குறித்த சட்டங்கள், அவற்றின் மேலான தீர்ப்புகள் ஆகியன இவ்வாய்வுக்கு அடிப்படை.

படைத்துறையிடம் கடன் வாங்கிய அறிவு

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. இந்நாட்டை நிருவகிக்கச் சிவில் ஊழியரை அனுப்புவதே வழக்கமான முறை. காரன்வாலிஸ் அவ்வாறு செய்யவில்லை. சென்னை மாகாணச் சிவில் ஊழியருள் நாட்டு மொழி அறிந்தவர் மிகச் சிலரே. ஏனையோர் துபாஷிகளின் வாயையே நம்பியிருந்தனர் என்பது அவர் கண்ட குறை. ஆகவே படைத்துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடைப் பொறுப்பில் அமர்த்தி, மன்றோ, மக்ளியாட், கிரஹாம் என்னும் மூன்று படை அலுவலரை உதவிக்குத் தந்தார்.

இதை இன்றைய சொல்லில் கூறினால், ஒரு துறை தன் பணியாளரைப் பயிற்றத் தவறியதால் வேறொரு துறையில் பயின்றவர்களை இரவல் பெற்றது எனலாம். அவர்கள் எங்கே பயின்றார்கள் என்பது சுவையான வினா. மன்றோ 1780இல் படைப் பயிலுநராகச் சென்னைக்கு வந்தவர். படைப்பணியில் இருந்தபோதே இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். பின்னர் ஆம்பூர்ப் பகுதியில் உளவுப் பணியை நடத்திவந்த ரீடின் கீழ் உதவியாளரானார். எதிரி நாட்டின் சாலைகள், விளைச்சல், தானிய இருப்பு, பாளையக்காரரின் மனப்போக்கு ஆகியவற்றைத் தூதர் வாயிலாகத் திரட்டி, ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அப்பணியின் இயல்பு. வருவாய் அலுவலருக்கு வேண்டிய முதன்மையான திறமும் அதுவே. பாரமகாலின் முதல் மாவட்ட நிருவாகிகளுக்கு உளவுத்துறையே பயிற்சிப் பள்ளியாக அமைந்தது.

நாடு மூன்று பிரிவுகளாக நிருவகிக்கப்பட்டது. வடபிரிவு கிரஹாமிடமும், தருமபுரியை உள்ளிட்ட நடுப்பிரிவு மன்றோவிடமும் இருந்தன. தோப்பூர்க் கணவாய்க்குத் தெற்கே சேலம், இராசிபுரம், நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களை உள்ளடக்கிய தென்பிரிவு, அதாவது நம் ஆய்வுக்களம், மக்ளியாட்டின் பொறுப்பில் இருந்தது. மன்றோவைப் பற்றி எழுதியோர் பலர். இச்சமவெளியின் முதல் கணக்குகளை உருவாக்கிய மக்ளியாட்டை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதை இங்குச் சுட்டுவது பொருத்தம்.

ரீட் தம் உதவியாளரை நடத்திய முறை கருதத்தக்கது. பாரமகால் ஆவணங்களில் நீண்ட வினாக்களும் அவற்றைவிட நீண்ட விடைகளும் நிறைந்துள்ளன. நிலத்தின் தரம், நீர்ப்பாசனம், குடிகளின் சாதி, விலைவாசி, குத்தகை வழக்கம் என எதையும் ரீட் வினவாமல் விட்டதில்லை. உதவியாளர் அவரோடு உடன்படாமல் எழுதவும் செய்தனர். நீண்டகாலக் குத்தகையை ரீட் விரும்பியபோது, வரியைக் குறைத்து ஆண்டுதோறும் தண்டுவதே குடிகளுக்கு நன்று என மன்றோ 1797இல் வாதிட்டார். ரயத்துவாரி என்னும் முறை இவ்விவாதத்தில்தான் வடிவம் பெற்றது. மேலதிகாரியின் வினாவுக்குக் களத்தைப் பார்த்துவிட்டு விடையெழுதும் கட்டாயம், எந்த வகுப்பறையும் தரவியலாத பயிற்சியாகும்.

நான்கு குமாஸ்தாக்கள்

மேலதிகாரிகள் பயின்றது இவ்வாறு. வயலில் சங்கிலி பிடித்தவர்கள் எவ்வாறு பயின்றார்கள்? இதற்குத் தெளிவான சான்று சேலத்துக்கு வெளியே கிடைக்கிறது. 1799இல் பாரமகாலை விட்டுக் கன்னடத்துக்குச் சென்ற மன்றோ, 1800இல் கடப்பை, பெல்லாரி முதலிய விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களின் பொறுப்பை ஏற்றார். அங்கு நடந்த அளவையைப் பற்றிய அவருடைய அறிக்கை, 1812இல் ஆங்கில நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கையின் வழியே பரவலாக அறியப்பட்டது.

1802 சூனில் அளவை தொடங்கியபோது நிலமளக்கத் தெரிந்தவர்கள் அம்மாவட்டங்களில் மன்றோவின் கச்சேரியைச் சேர்ந்த நான்கு குமாஸ்தாக்கள் மட்டுமே. அவர்கள் விருப்பமுள்ள உள்ளூராருக்குக் கற்பித்தனர். அவ்வாண்டு முடிவுக்குள் அளப்போர் ஐம்பதாகவும், அடுத்த ஆண்டில் நூறாகவும் பெருகினர். 1805 செப்டம்பரில் அளவை முடிந்தது. அந்நால்வரின் திறமை பாரமகாலில் நடந்த புலவாரி அளவையின் பயனாக இருக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். வேறு இடத்தில் அவ்வளவு விரிவான அளவை அதற்குமுன் மன்றோவின் கச்சேரியில் நடந்ததில்லை என்பதே இவ்வூகத்துக்கு ஆதாரம்.

அளவை முறையும் கற்பதற்கு எளிதாக அமைந்தது. சங்கிலியின் நீளம் 33 அடி. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட சதுரம், அதாவது 1,089 சதுர அடி, ஒரு குண்டா. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். குழி என்னும் பழைய சதுர அளவையை மனக்கணக்காக அறிந்திருந்தவனுக்குக் குண்டா அந்நியமாகத் தோன்றியிராது. சதுர அலகை அடுக்கிப் பரப்பைக் காணும் முறை ஒன்றே; அலகின் அளவும் பெயருமே புதியன. வெளியார் அறிவை அரசு தன் அளவுகோலுக்கு மாற்றிக்கொண்ட இடம் இது.

அதனினும் முதன்மையானது, அளந்தவரை யார் சோதித்தார் என்பது. அளப்போர் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவின் மேலும் ஒரு தலைமை அளவர் வைக்கப்பட்டார். அளந்த நிலத்தில் ஒரு பகுதியை அவர் மீண்டும் அளப்பார். ஒரு வரம்பு வரையிலான பிழை பொறுத்துக்கொள்ளப்பட்டது. வரம்பு கடந்தால் வேலை போயிற்று. தொடக்கத்தில் மாதச் சம்பளம் பெற்றோர், தொழில் கைவந்தபின் ஏக்கர்க் கணக்கில் கூலி பெற்றனர். கூலிக்கு அளப்பவனை நம்பியதற்குக் காரணம், அவன் அளந்ததை மறுபடி அளக்கத் தெரிந்த ஒருவர் கச்சேரியின் உள்ளே இருந்ததே.

மிட்டாவும் கருவூலமும்

ரீடின் குழு உருவாக்கிய அறிவு அதன் பிறப்பிடத்திலேயே அதிக நாள் நிலைக்கவில்லை. 1802ஆம் ஆண்டின் நிலையான வரித்திட்டம் சேலத்துக்கும் வந்தது. நாடு மிட்டாக்களாகக் கூறுபோடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. குடியிடம் வரி தண்டும் வேலை மிட்டாதாரரிடம் சென்றபின், ஊர்தோறும் நிலத்தை அறிந்த பணியாளர் அரசுக்கு எதற்கு? பயிற்சியை வெளியே கொடுக்கவில்லை; பணியையே வெளியே கொடுத்ததால் பயிற்சியின் தேவை மறைந்தது.

அரசு இதன் ஆபத்தை முற்றிலும் உணராமல் இல்லை. அதே 1802இல் இயற்றப்பட்ட 29ஆம் ஒழுங்குமுறை, நிலையான வரித்திட்டப் பகுதிகளில் கர்ணத்தின் பதவியை வரையறுத்தது. கர்ணத்தை நியமிப்பவர் நிலவுடைமையாளர். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பின்றி அவரை நீக்க முடியாது. வாரிசுரிமைக்கு முதலிடம் உண்டு. நிலவுடைமையாளரின் கையில் சிக்காத கணக்கு ஒன்று தனக்குக் கிடைக்கவேண்டும் என்று அரசு எண்ணியது. ஆயினும் கணக்கைப் பாதுகாத்தால் போதாது. அதைப் படித்துப் பிழைகாணத் தெரிந்தவர் மாவட்டக் கச்சேரியில் இருக்கவேண்டும். மிட்டாக்கள் பல நிலுவையில் வீழ்ந்து மீண்டும் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தபோது, புதிதாக அறிய வழியின்றி ரீட் காலத்து அளவைக் கணக்கையே நாடவேண்டியதாயிற்று. 1870களில் புதிய அளவையும் வரித்திட்டமும் வரும்வரை இச்சமவெளியின் வருவாய் நிருவாகம் பெரிதும் அப்பழைய கணக்கின் மேலேயே நின்றது.

உள்ளே சோதிப்பவர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் காவிரியின் மறுகரையிலேயே சான்றுண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி, கலெக்டர் காரோவின் காலத்தில் வருவாய் நிருவாகத்தையே தம் வணிகத்துக்குப் பயன்படுத்தியதை 1810களில் மன்றோவும் சல்லிவனும் விசாரித்து வெளிப்படுத்தினர். மொழியும் கணக்கும் அறிந்த கீழ்ப்பணியாளரும், அவற்றை அறியாத மேலதிகாரியும் ஒரே கச்சேரியில் இருந்ததன் விளைவாகவே அதைக் கொள்ளவேண்டும். அந்த விசாரணையை நடத்தியவர் பாரமகாலில் பயின்ற மன்றோ என்பது தற்செயலன்று.

சென்னைக் கல்லூரி

இக்குறையை நீக்க அரசு செய்த பெருமுயற்சி 1812இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸின் முயற்சியால் தோன்றிய சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரி (1800), இங்கிலாந்தில் கும்பினி நடத்திய கல்லூரி (1806) ஆகியன அதற்கு முன்னோடிகள். இக்கல்லூரியின் தமிழ்த் தொண்டு ஆய்வாளர்க்குப் புதிதன்று. தாண்டவராய முதலியார் அங்கே ஆசிரியராக இருந்தார்; அவர் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்னும் எல்லிஸின் கருத்தும் அக்கல்லூரிச் சூழலிலேயே 1816இல் அச்சேறியது.

பயிற்சி வரலாற்றின் நோக்கில் வேறொன்று முதன்மை பெறுகிறது. அதுவரை இளம் சிவில் ஊழியர் தத்தம் செலவில் முன்ஷிகளை அமர்த்திக் கற்றனர். முன்ஷியின் தகுதியைச் சோதிப்பார் இல்லை. கல்லூரி ஊழியரைத் தேர்வு செய்ததோடு நில்லாமல், கற்பிக்கும் முன்ஷிகளையும் பயிற்றிச் சோதித்தது. நீதிமன்றங்களில் பணியாற்றும் உள்நாட்டுச் சட்ட அலுவலரையும் உருவாக்கியது. பாடம் சொல்பவர், பாடநூல், அச்சகம், தேர்வு ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் வந்த அரிய காலம் அது. தமிழ் உரைநடைக்கு அக்கல்லூரியால் விளைந்த நன்மை, அரசுப் பணியாளர் பயிற்சியின் துணைவிளைவே.

1854இல் கல்லூரி கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் தேர்வாளர் குழு ஒன்று அமைந்தது. இங்கிலாந்துக் கல்லூரியும் போட்டித் தேர்வு வந்தபின் 1858இல் மூடப்பட்டது. அதன்பிறகு மாவட்டத்துக்கு வரும் இளம் அலுவலர் மீண்டும் தனி முன்ஷியிடம் கற்றுத் தேர்வாளர் முன் நின்றார். கற்பித்தல் வெளியே சென்றது. சோதித்தல் மட்டும் அரசிடம் தங்கியது. 1929இல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் அமைந்த பின்னும் இவ்வமைப்பு மாறவில்லை. இன்றும் தேர்வாணையம் நடத்தும் துறைத்தேர்வுகளுக்கு அலுவலர் தாமாகவோ தனிப்பட்ட ஆசிரியரிடமோ படித்துவிட்டு வருகின்றனர்.

கணக்குப்பிள்ளை வீடு

மாவட்ட அலுவலர் பயிற்சியைவிடக் குடிகளை நேரே தொட்டது ஊர்க்கணக்கரின் பயிற்சி. சேலம் – நாமக்கல் சமவெளியில் ஊரின் மணியகாரரும் கணக்குப்பிள்ளையுமே அரசின் முகம். கணக்குப்பிள்ளையை அரசு ஒருபோதும் பயிற்றியதில்லை என்று கூறினும் பெரும்பிழை ஆகாது.

1822இல் மன்றோ மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டபோது, சேலம் மாவட்டத்திலிருந்து 333 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். அங்கே மணலில் எழுதிய மாணவன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். பொன்னிலக்கம் காசுக்கும், நெல்லிலக்கம் முகத்தலளவைக்கும், குழிமாற்று நிலப்பரப்புக்கும் பயன்பட்டன. காணி, முந்திரி என்னும் நுண்பின்னங்கள் வாயில் புரளும்வரை ஆசான் விடமாட்டார். இப்பாடத்திட்டத்தைக் கூர்ந்து நோக்கினால், அது கணக்கன் ஒருவனை உருவாக்கும் நோக்கில் அமைந்ததாகவே தோன்றும். திண்ணைப் பள்ளிக்கு ஊர் செலவிட்டது. பயனில் பெரும்பங்கு வருவாய்த் துறைக்குச் சேர்ந்தது.

பள்ளி முடிந்தபின் பயிற்சி வீட்டில் தொடர்ந்தது. தந்தையோ மாமனோ எழுதும் அடங்கலைப் படியெடுப்பது, ஜமாபந்திக்குக் கட்டுகளைச் சுமந்து செல்வது, தலையாரியுடன் வயல் வரப்புகளில் நடந்து எந்தப் புலம் யாருடையது என்று அறிவது ஆகியன அதன் படிகள். எந்த ஏரி எந்த ஆண்டில் நிரம்பும், எந்தக் கிணற்றுப் பாசனம் கணக்கில் மறைக்கப்பட்டிருக்கிறது, எவர் நிலத்தை எவர் பெயரில் உழுகிறார் என்பவை ஏட்டில் இல்லாமல் நினைவில் இருந்தவை.

1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இவ்வேற்பாட்டை முறைப்படுத்தியது. வாரிசு சிறுவனாயின் அவன் பெயர் பதிவு செய்யப்பட்டு, அவன் வளரும்வரை தகுதியுள்ள வேறொருவர் பணியாற்றுவார். உரிய வயதும் உடல்நலமும் வகுக்கப்பட்ட கல்வித் தகுதியும் பெற்றபின் அவன் பதவியேற்கலாம். இங்கும் அதே அமைப்பைக் காண்கிறோம்: கற்பித்தல் குடும்பத்தின் பொறுப்பு, தகுதி வகுத்தல் அரசின் பொறுப்பு.

ஆனால் தென்பிரிவில் மக்ளியாட் அமர்ந்திருந்த இடத்துக்கும் நூறாண்டுக்குப் பின்வந்த வருவாய் ஆய்வாளரின் இடத்துக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அரசு வகுத்த தேர்வு எழுத்தையும் கூட்டலையும் சோதித்தது. நினைவில் இருந்த ஊரை அது சோதிக்கவில்லை. அந்த அறிவு ஒரே குடும்பத்தின் உடைமையாகவே இருந்தது. குடும்பம் என்பது இங்குச் சாதியையும் குறிக்கும். பட்டா கேட்டு வந்த குடியானவர், அதிலும் நிலமற்றோரும் தாழ்த்தப்பட்டோரும், கணக்குப்பிள்ளையின் திண்ணையின்கீழ் நிற்கநேர்ந்ததற்கு அவ்வறிவின் தனியுடைமையும் ஒரு காரணம். அரசுக்கு ஒரு காசும் செலவில்லாத இப்பயிற்சியின் விலையைக் கொடுத்தவர் குடிகளே. திண்ணைப் பள்ளியின் கணக்குத் திறத்தை வியந்தெழுதும் ஆய்வுகள் சில இப்பக்கத்தை எளிதில் கடந்துவிடுகின்றன.

1980 நவம்பர் 14

பரம்பரை உரிமை முதலில் நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டது. கசூல தசரதராம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசுப் பிரிவு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புக்கு முரணானது எனக் கொண்டது. கிராமப் பதவியும் அரசின்கீழ் உள்ள பதவியே. வமிசத்தைக் காரணமாகக் கொண்டு அதில் பாகுபாடு கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் 1968இல் பரம்பரைப் பதவிச் சட்டமே நீக்கப்பட்டது. எனினும் பகுதிநேரக் கிராம அலுவலராக அதே குடும்பத்தினர் பலர் தொடர்ந்தனர்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒழித்தது. அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. ஊர்க்கணக்குகள் உடனடியாக ஒப்படைக்கப்பட வேண்டியிருந்தன. முழுநேரக் கிராம நிருவாக அலுவலர் என்னும் பதவி உருவானது. கே. இராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் இச்சட்டத்தை ஏற்றது. உரிய கல்வித் தகுதியுள்ள முன்னாள் அலுவலரைப் புதிய பதவிக்குக் கருதும் அரசின் நிலைப்பாடும் அவ்வழக்கில் பதிவாயிற்று.

சமத்துவ நோக்கில் இம்மாற்றம் நியாயமானது. காலந்தாழ்ந்தது என்றும் சொல்லலாம். பயிற்சி வரலாற்றின் நோக்கில் பார்த்தால், இருநூறு ஆண்டுகளாகத் தான் நடத்தாத பள்ளி ஒன்றை அரசு ஒரே நாளில் மூடியது. கட்டுகள் வந்து சேர்ந்தன. கட்டைப் படிக்கும் நினைவு வந்து சேரவில்லை. அ-பதிவேட்டின் புல எண்ணுக்கும் வயலின் வரப்புக்கும் இடையே நின்ற மனிதர் விலகியபின், அவ்விடத்தை நிரப்பப் புதிய அலுவலருக்கு நில அளவையும் கணக்கும் கற்பிக்கவேண்டியதாயிற்று. கற்பிக்கத் தகுந்த பழைய அலுவலர் பலரோ பதவியிழந்த மனக்குறையுடன் ஊரில் இருந்தனர். முன்னாள் கணக்கரை மீண்டும் பணியில் சேர்ப்பது பற்றிய வாதங்களெல்லாம் பிழைப்பு, இழப்பீடு என்னும் சொற்களிலேயே நடந்தன. அவர்களை ஓராண்டுக்குப் பயிற்றுநராக அமர்த்தும் வழி ஒன்றும் இருந்திருக்கும் என்பதை இன்று பின்னோக்கும்போது எண்ணாமல் இருக்க முடியவில்லை.

புதிய ஒப்பந்தங்களும் பழைய ஜமாபந்தியும்

விடுதலைக்குப்பின் அரசு தனக்கெனப் பயிற்சி நிலையங்களை அமைத்தது. சேலம், நாமக்கல் அலுவலகங்களில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர் பவானிசாகருக்குச் சென்று அடிப்படைப் பயிற்சி பெறுவது அலுவலக வழக்கில் ஊறிய ஒன்று. ‘பவானிசாகர் முடித்துவிட்டாரா’ என்னும் வினாவுக்கு விளக்கம் தேவையில்லை. சென்னையில் மேல்நிலை அலுவலருக்கான அண்ணா மேலாண்மை நிலையம் இன்று அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் ஊழியர் பயிற்சியில் காந்திகிராமம் போன்ற அரசு சாரா நிறுவனங்கள் பங்கேற்றதையும் இங்கு நினைவுகூரலாம். அதுவும் வெளியார் பயிற்சியே. இலாப நோக்கம் இல்லாதது என்பதே வேறுபாடு.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தை நோக்கலாம். அந்நாட்டு அரசு 2012 மார்ச்சில் தன் தேசிய அரசுப் பள்ளியை மூடி, பணியாளர் பயிற்சியின் பெரும்பகுதியைக் கேப்பிட்டா என்னும் தனியார் நிறுவனத்தின் வழியாக ஏற்பாடு செய்தது. பத்தாண்டு முடிவதற்குள் பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பை மீண்டும் உள்ளே கொண்டுவரும் அமைப்பு ஒன்றை அது தோற்றுவித்தது. 1854இல் சென்னைக் கல்லூரியைக் கலைத்தபோதும் தேர்வாளர் குழுவைக் கும்பினி தன்னிடம் வைத்துக்கொண்டது. 2012இன் ஏற்பாட்டைவிட அது எச்சரிக்கையானது என்று கூறத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் நில ஆவணங்கள் கணினிமயமானபின் கிராம நிருவாக அலுவலரின் பயிற்சி பெரும்பகுதி மென்பொருளைக் கையாளும் பயிற்சியாகவே அமைகிறது. பட்டா மாறுதலை எந்தத் திரையில் ஏற்றுவது என்பதை எவரும் கற்பிக்கலாம். நல்ல தனியார் நிறுவனம் இன்னும் நன்றாகவே கற்பிக்கக்கூடும். ஏற்றப்பட்ட விவரம் வயலோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும் திறமை அலுவலகத்தின் உள்ளே எவரிடம் இருக்கிறது என்பதே வேறு வினா. பயிற்சி ஒப்பந்தங்கள் பங்கேற்றோர் தொகையையும் வருகைப் பதிவையும் முடிவில் நிரப்பும் கருத்துப் படிவத்தையும் சான்றாகக் கேட்கின்றன. மன்றோவின் தலைமை அளவர் அளந்த நிலத்தை மீண்டும் அளந்தது போன்ற சோதனை எதையும் இவ்வகைச் சான்றுகள் தாங்கிவருவதில்லை.

அத்தகைய சோதனைக்கு வருவாய்த் துறையில் பழைய வாயில் ஒன்று இன்னும் திறந்திருக்கிறது. ஆண்டுதோறும் பசலி முடிவதை ஒட்டி, கோடையில் வட்ட அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. ஊர்க்கணக்குகள் அனைத்தையும் ஜமாபந்தி அலுவலர் முன் வைத்து, அடங்கலை அ-பதிவேட்டுடனும், சாகுபடிக் கணக்கை வரிக்கணக்குடனும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அதன் நோக்கம். ரயத்துவாரியின் ஆண்டுத் தண்டலோடு சேர்ந்து வளர்ந்த இந்நிகழ்வு, ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளைக்குத் தேர்வாகவும் இளம் அலுவலருக்கு வகுப்பாகவும் ஒருங்கே பயன்பட்டது. இப்போது சேலம், நாமக்கல் வட்டங்களில் ஜமாபந்தி என்றால் முதியோர் உதவித்தொகை, வீட்டுமனைப் பட்டா முதலியவற்றுக்கு மனு கொடுக்கும் நாளாகவே மக்கள் அறிகின்றனர். மனுக்களின் எண்ணிக்கை மறுநாள் நாளேடுகளில் வருகிறது. மேசையின் மறுபுறத்தில் கட்டுகள் சிவப்புத் துணியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அலுவலர் கையொப்பமிட்டபின் அவை மீண்டும் ஊருக்குத் திரும்புகின்றன.